இறங்கலெ என்றொரு தந்தி

என்னோடு ஆறாம் வகுப்பில் படித்தவர்களே, இப்போதெல்லாம் நாம் கூடினால் முழங்காலைப் பற்றிப் பேசுகிறோம், சர்க்கரையைப் பற்றிப் பேசுகிறோம். போன மாதம் நம்மில் ஒருத்தி மகன் கல்யாணத்தில், பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் கேட்டாள்: "ஒங்க வாப்பா கப்பல் எரிஞ்சுதான மௌத்தானாக?"

ஆமாம் என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டேன். தால்ச்சா ஆறிக்கொண்டிருந்தது.

அது பொய். கப்பல் எரிந்தது உண்மை. வாப்பா அதில் சாகவில்லை. முப்பத்தைந்து வருடம் வருவாய்த் துறையில் இருந்து ஓய்வு பெற்றவள் நான். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, காணாமல் போனவர் பற்றிய விசாரணை அறிக்கை எல்லாம் என் மேசையைத் தாண்டித்தான் போயின. எந்த விண்ணப்பத்துடன் எதை இணைக்க வேண்டும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். என் வாப்பா விஷயத்தில் மட்டும் இணைக்க வேண்டியது ஒன்றையும் யாரும் இணைக்கவில்லை. அதை உங்களுக்காவது சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

வாப்பா கப்பலில் பண்டாரி. பண்டாரி என்றால் கப்பல் சமையல்காரர். நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போய்வந்த பயணிகள் கப்பல் அது. நம் ஊரில் யாரும் அந்தக் கப்பலைப் பார்த்ததில்லை. சாயல்குடிக்கும் கீழக்கரைக்கும் நடுவில் இருக்கிற நம் கடலில் அது ஓடவே ஓடாது. ஆனாலும் நான் பள்ளிவாசலுக்குப் பின்னால் மணலில் நின்று தெற்கே பார்த்துக்கொண்டிருப்பேன். நீங்களும் சில நாள் கூட நின்றிருக்கிறீர்கள். நாம் பார்த்துக்கொண்டிருப்பது வேறு கடல் என்று ஒரு பெரிய மனிதரும் சொல்லவில்லை. எல்லாக் கடலும் ஒன்று என்று நினைத்திருப்பார்கள்.

கப்பலின் கதையை வாப்பா சொல்லித்தான் தெரியும். அது வெள்ளைக்காரர்கள் தங்களுக்காகக் கட்டிக்கொண்ட கப்பல். முதல் வகுப்பில் தேக்குப் படிக்கட்டு, பித்தளைக் கைப்பிடி, ஆடுவதற்கென்று ஒரு கூடம். வயதானதும் விற்றார்கள். வாங்கிய கம்பெனி ஆடுகிற கூடத்தில் மூட்டை அடுக்கியது. கீழ்த்தளத்தில் ஜனங்கள் பாய் விரித்து, டிரங்குப் பெட்டியை எல்லைக்கல்லாக வைத்து, ஏழெட்டு நாள் குடியிருந்தார்கள். "மழை பெய்ஞ்சா கூடத்துல நாலு எடத்துல ஒழுகும். நாலுக்கும் நாலு வாளி. வாளிக்குத் தனியா ஒரு ஆளு" என்பார் வாப்பா.

உம்மா அந்தக் கப்பலைச் சக்களத்தி என்றுதான் சொல்வார்.

"ஒங்க சக்களத்தி எப்பப் பொறப்படுறா?"

"வெள்ளிக்கிழமை. அவளுக்கும் வயசாயிருச்சு புள்ள. இருமிக்கிட்டேதான் ஓடுறா."

"இருமுறவள விட்டுட்டு வந்துற வேண்டியதுதானே."

"சோறு போடுறாள்ல."

"சோறு ஆக்குறது நீங்க. அவ எங்குட்டுப் போடுறா?"

வாப்பா சிரிப்பார். ஊருக்கு வந்திருக்கிற பதினைந்து நாளும் அவர் சட்டையில் வெங்காயமும் எஞ்சின் எண்ணெயும் பினாயிலும் கலந்த வாசனை இருக்கும். உம்மா இரண்டு முறை துவைப்பார், அது போகாது. மூன்றாம் முறை துவைக்கமாட்டார்.

கப்பலிலிருந்து வந்தவற்றில் இரண்டு எனக்கு முக்கியம். ஒன்று, விளிம்பில் நீலக் கோடு போட்ட பீங்கான் கோப்பை. கைப்பிடி உடைந்ததால் கப்பல்காரர்கள் கழித்துவிட்டது. இன்னொன்று, முதல் வகுப்பு உணவுப் பட்டியல் அட்டை. அந்த அட்டையை வைத்துத்தான் வாப்பா எனக்கு ஆங்கில எழுத்துகளைச் சொல்லிக்கொடுத்தார். பள்ளிக்கூடம் சொல்லித்தருவதற்கு முன்பே எனக்கு சூப்புக்கும் ஆட்டுக்கறிக்கும் எழுத்துக்கூட்டத் தெரியும்.

இன்னொரு வழக்கமும் உண்டு. ஒவ்வொரு முறை நாகையில் கரை இறங்கியதும் வாப்பா தந்தி அடிப்பார். தமிழை ஆங்கில எழுத்தில் எழுதி, ஒரே சொல்: 'இறங்கியாச்சு'. தந்தியில் சொல்லுக்குச் சொல் கட்டணம் என்பதால், கப்பல்காரர்கள் எல்லோருமே இப்படி ஒற்றைச் சொல்லில் பேசப் பழகியிருந்தார்கள். அதைப் படித்துச் சொல்வது என் வேலை. உம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து நிற்பார். நான் ஐ, ஆர், ஏ என்று விரல் வைத்துப் போய் முடித்ததும், "எறங்கியாச்சா, அல்ஹம்துலில்லாஹ்" என்று மறுபடி அடுப்படிக்குப் போவார். தந்தி ஆபீசில் நேரம் போகக்கூடாது என்று வாப்பா கப்பலிலேயே படிவத்தை எழுதி, முகவரியும் போட்டு, இடுப்பு வார் பையில் மடித்து வைத்திருப்பாராம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஐப்பசியில் மழை விடாமல் பெய்தது. எமர்ஜென்சிக் காலம். ரயில்கள் சொன்ன நேரத்துக்கு ஓடுவதாக எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். டீக்கடை ரேடியோவில்தான் முதலில் வந்தது. பினாங்கிலிருந்து வந்துகொண்டிருந்த கப்பல் நடுக்கடலில் தீப்பிடித்தது, ஒரு சரக்குக் கப்பல் ஆட்களை ஏற்றிக்கொண்டு நாகைக்கு வருகிறது, உயிர்ச்சேதம் உண்டு. பெரிய மாமா, உம்மாவின் அண்ணன், சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு ஓடிவந்தார். உம்மா அழவில்லை. "தந்தி வரும்" என்றார்.

மூன்றாம் நாள் வந்தது. வாப்பா அடித்ததல்ல. அடித்தவர் சாரங்கு. கப்பலில் வேலை செய்யும் கலாசிகளுக்குத் தலைவர். பக்கத்து ஊர்க்காரர், வாப்பாவை மச்சான் என்று கூப்பிடுகிறவர். எழுதப் படிக்கத் தெரியாது. நாகையில் யாரையோ பிடித்துச் சொல்லி அடித்திருக்கிறார். மூன்று சொற்கள்.

தபால்காரர் மாமாவிடம் கொடுத்தார். மாமாவுக்கு ஆங்கில எழுத்து தெரியாது. என்னிடம் கொடுக்கலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை. உயிர் விஷயம், பெரிய படிப்பு படித்தவர்தான் வாசிக்க வேண்டும் என்று நம் தமிழ் ஐயாவைக் கூட்டிவந்தார். குடை பிடித்துக்கொண்டு, வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஐயா எங்கள் வீட்டு நடையில் வந்து நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது. கண்ணாடியை மழைத் துளி போகத் துடைத்துவிட்டு வாசித்தார்.

"மச்சான். இரங்கல். நாகை." நிறுத்தினார். "இரங்கல் என்றால் அனுதாபம். இடையின ரகரம். துக்கச் செய்தியைத்தான் இப்படிச் சொல்வது."

"கடைசியில இன்னொரு எழுத்துக் கெடக்குறாப்புல இருக்கே ஐயா?" என்று மாமா எட்டிப் பார்த்தார்.

"அது ஈ. தந்தி அடித்தவன் பிழை. அவர்களுக்கு என்ன இலக்கணம் தெரியும்?"

நான் மாமாவின் கைக்குக் கீழே புகுந்து பார்த்தேன். ஐ, ஆர், ஏ, என், ஜி, ஏ, எல், ஈ.

"மாமா, அது எறங்கலெ. வாப்பா எழுதுற மாதிரியே இருக்கு. வாப்பா நாகையில எறங்கலயாம்."

ஐயா என்னைப் பார்த்தார். கோபமில்லை. வகுப்பில் விடையை முந்திச் சொல்கிற பிள்ளையைப் பார்க்கிற பார்வை. மாமாதான் பேசினார்.

"எறங்கலெண்டா என்னா புள்ள அர்த்தம்? எறங்குனவுகள்லாம் எறங்கிட்டாக. எறங்காதவுக கப்பலோட போயிட்டாக. அதத்தானே ஐயாவும் சொல்றாக?"

எனக்கு அப்போது பதினோரு வயது. திரைச்சீலைக்குப் பின்னால் உம்மா கீழே உட்காரும் சத்தம் கேட்டது.

பள்ளிவாசல் ஹஜ்ரத்தை நான் இன்றுவரை மதிக்கிறேன். நடைமுறை தெரிந்த மனிதர் அந்த ஊரில் அவர் ஒருவர்தான்.

"கண்ணால கண்டவுக யாரு?" என்று கேட்டார். "அடக்குறதுக்கு மய்யித்து எங்க? தந்தி சாட்சியாகாது. வந்தவுக வாயால கேட்டுட்டுச் செய்வோம். பொறுங்க."

"எத்தன நாளு ஹஜ்ரத் பொறுக்குறது? ரேடியோவுல சொல்லியாச்சு, தந்தி வந்தாச்சு, ஐயா வாசிச்சாச்சு. புருசன் மௌத்தான பெறகு இவ கருகமணியோட நடமாடுறாண்டு ஊரு பேசும்" என்றார் மாமா.

"ஊரு பேசுறதுக்குச் சட்டம் கெடையாது."

"அவ எனக்குத் தங்கச்சி ஹஜ்ரத்."

ஹஜ்ரத் தாடியைத் தடவினார். "ஒங்க பொறுப்பு" என்று எழுந்து போனார். என் உத்தியோகத்தில் பின்னாளில் நானே எத்தனையோ கோப்புகளில் அதே இரண்டு வார்த்தையை வேறு விதமாக எழுதியிருக்கிறேன்.

வெள்ளைச் சேலையோடு பெண்கள் வந்துவிட்டார்கள். உம்மா அதை வாங்கவில்லை. மாமாவைக் கூப்பிட்டார்.

"அண்ணே, நான் ஒரு எட்டு நாகைக்குப் போயிட்டு வாறேன். பாத்துட்டு வந்து ஒக்காருறேன். சத்தியமா ஒக்காருறேன்."

"இத்தாவுல இருக்க வேண்டியவ பஸ்ஸுல ஏறுவாளா? ஏறிப் போயி என்னத்தப் பாப்ப? கடலயா?"

"எறங்கலெண்டுதானே வந்துருக்கு. ஏன் எறங்கலெண்டு கேட்டுட்டு வாறேன்."

"புத்தி பேதலிச்சுப் பேசாத."

கல்யாணத்தில் கட்டிய கருகமணியை யாரோ கழற்றினார்கள். புருஷன் இறந்தால் நாலு மாதம் பத்து நாள், வாசல் தாண்டாமல், அந்நிய ஆண் முகம் பாராமல் இருப்பது இத்தா. உங்கள் வீடுகளிலும் பார்த்திருப்பீர்கள். உள்ளறை ஜன்னலுக்குப் போர்வை கட்டினார்கள். மழை நாளில் அந்த அறையில் ஈரத் துணியும் சாம்பிராணியும் சேர்ந்து மூச்சை அடைக்கும். உம்மா நாளைக் கணக்கு வைக்க வாப்பாவின் நீலக்கோட்டுக் கோப்பையில் தினம் ஒரு புளியங்கொட்டை போட்டார். விடியலில் சுபுஹு தொழுததும் 'டிக்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தில்தான் நான் எழுவேன்.

இருபது கொட்டை விழுந்திருந்தபோது மாமா மெட்ராசுக்குப் போனார், கம்பெனி ஆபீசுக்கு. திரும்பிவந்து நடையில் செருப்பை உதறிய விதத்திலேயே காரியம் நடக்கவில்லை என்று தெரிந்தது.

"செத்தவுக லிஸ்டுல பேரு இல்லயாம். காணாமப் போனவுக லிஸ்டுல இருக்காம். காணாமப் போனவன் ஏழு வருசம் வரலண்டாத்தான் செத்தாண்டு எழுதிக் குடுப்பானாம். செத்தவனச் செத்தாண்டு சொல்ல ஏழு வருசமா?"

சட்டம் சரிதான். குமாஸ்தா சொன்னதும் சரிதான். மாமா கேட்ட கேள்விதான் தப்பு. அவர் இறப்புச் சான்று கேட்டார். கேட்டதற்கு உரிய பதில் கிடைத்தது. இப்படியான விபத்தில் மீட்கப்பட்டவர், இறந்தவர், ஆஸ்பத்திரியில் இருப்பவர், காணாதவர் என்று நான்கு பட்டியல் இருக்கும். மாமா ஒன்றைக் கேட்டார், அவர்கள் இன்னொன்றைக் காட்டினார்கள். மீதி இரண்டை யாரும் திறக்கவில்லை. கம்பெனி ஆபீசிலிருந்து பெரியாஸ்பத்திரிக்கு நடந்தே போகலாம். பிற்காலத்தில் நான் நடந்து பார்த்திருக்கிறேன். வழியில் ஒரு இளநீர் குடிக்க நிற்கலாம், அவ்வளவு பக்கம்.

கோப்பையில் அறுபத்திரண்டாவது கொட்டை விழுந்த அன்று, சாயங்காலம் அஸர் தொழுகை நேரத்தில், வாசலில் கட்டை ஊன்றும் சத்தம் கேட்டது. சாரங்கு. ஒரு காலை மடக்காமல் இழுத்துக்கொண்டு, கையில் ஒரு பை ஆரஞ்சுப் பழத்தோடு.

"தங்கச்சி!" என்று நடையிலிருந்து சத்தமாகக் கூப்பிட்டார். "மச்சான் எப்பிடி இருக்காக? வீட்டுக்குக் கூட்டியாந்தாச்சா, இன்னும் ஆஸ்பத்திரிலயா?"

நான்தான் அவர் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், திரைச்சீலைக்கு அடியில் தெரிந்த வெள்ளைச் சேலை விளிம்பைப் பார்த்தார். பை கைநழுவியது. ஆரஞ்சுகள் நடையில் உருண்டன. அவற்றில் ஒன்றை நான் காலால் தடுத்து நிறுத்தினேன். ஏன் அதைச் செய்தேன் என்று தெரியவில்லை.

"நாந்தான் தந்தி குடுத்தேன்ல! எறங்கலெண்டு!" சாரங்கு கத்தினார். "நாகையில கப்பலு கடலுக்குள்ள நிக்கும், படகுலதான் எறங்கணும். அலை அந்த அடி அடிக்கிது. நடக்க முடிஞ்சவுகள ஏணியில எறக்குனாக, என்னையத் தோள்ல போட்டு எறக்குனாக. மச்சானுக்கு ஒடம்பெல்லாம் வெந்து கெடக்கு, எப்பிடி ஏணியில எறக்குறது? மெட்ராசுல துறைமுகத்துல எறக்கிக்கிடுவோம்னு அப்பிடியே கொண்டுக்கிட்டுப் போயிட்டாக. அதத்தான் சொன்னேன். நாகையில எறங்கலெ. எறங்கலெண்டா மெட்ராசுதான? கப்பக்காரன் வீட்டுல இது தெரியாதா?"

கால் எலும்பு முறிந்து, நாகையில் தன் அக்கா, லாத்தா வீட்டில் இரண்டு மாதம் கிடந்திருக்கிறார். நாங்கள் எல்லோரும் மெட்ராசில் வாப்பாவின் பக்கத்தில் இருப்பதாக நினைத்திருக்கிறார். "எந்த வெலாசத்துக்கு நான் எழுதச் சொல்ல?" என்றார், யாரும் கேட்காமலே.

ஹஜ்ரத்துக்கு ஆள் போனது. அவர் வாசலில் நின்றபடியே சொன்னார்: "உசுரோட இருக்காருண்டா இத்தா ஏது? எந்திரிம்மா, போ." உம்மா அந்த வெள்ளைச் சேலையோடேயே எழுந்து வந்தார். இரண்டு மாதம் வெயில் படாத முகம். வாசல் படியில் கண் கூச ஒரு கணம் நின்றார். ராமநாதபுரத்தில் ரயில் ஏறினோம், சாரங்கும் மாமாவும் நானும் உம்மாவும். ரயில் சொன்ன நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

வார்டு குமாஸ்தா பதிவேட்டைத் திருப்பினார். 'ஆண். வயது சுமார் நாற்பது. பயணி. பெயர் தெரியவில்லை.' சமையல் கோட்டைக் கழற்றி ஒரு பிள்ளையைச் சுற்றிக் கொடுத்துவிட்டாராம் வாப்பா. கோட்டு இல்லாததால் பயணி ஆகிவிட்டார். புகை குடித்த தொண்டையால் பேச முடியவில்லை, வெந்த கையால் எழுத முடியவில்லை. பயணிகள் கணக்கில் ஒருவர் கூடுதல், ஊழியர் கணக்கில் ஒருவர் குறைவு. இரண்டும் வெவ்வேறு மேசை.

அவர் இறந்து இருபத்தொரு நாள் ஆகியிருந்தது. கேட்க ஆளில்லாததால் பக்கத்துப் பள்ளிவாசல்காரர்கள் வாங்கி அடக்கியிருந்தார்கள். கட்டிலில் கிடந்தது நாற்பத்தொரு நாள். கூட்டிப் பெருக்குகிற அம்மாள் உம்மாவிடம் சொன்னாள்: "பார்வையாளர் நேரம் மணி அடிச்சா அந்தாளு தலையை மட்டும் வாசப்பக்கம் திருப்பும்மா. மத்த நேரம் அசையாது."

சாமான்களை அரக்கு வைத்த துணிப்பையில் கொடுத்தார்கள். இடுப்பு வார். அதன் பையில் நாலாக மடித்த தந்திப் படிவம். 'இறங்கியாச்சு.' அதற்கு மேலே, வாப்பாவின் கையெழுத்தில், எங்கள் வீட்டு முகவரி, தெருப் பெயரோடு.

அடையாளம் தெரியாதவரின் உடைமையை உரியவர் வந்தால்தான் பிரிக்க வேண்டும். அதுதான் விதி. உரியவர் யார் என்பது பைக்கு உள்ளே இருந்தது. இந்த விதியை நான் உத்தியோகத்தில் வாசித்தபோது அதில் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

மறுநாள் வாப்பாவை அடக்கிய கபுருஸ்தானுக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில் சாரங்கு துறைமுகப் பக்கம் கையை நீட்டினார். கப்பலை இழுத்துவந்து கட்டியிருந்தார்கள். கறுத்துப்போய், ஒரு பக்கம் சாய்ந்து, ஜன்னல் இருந்த இடமெல்லாம் ஓட்டை. உம்மா தன் வாழ்நாளில் அந்தக் கப்பலைப் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

"இவளா?" என்று கேட்டார்.

"இவதான் தங்கச்சி."

உம்மா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "அவளும் எறங்கலெ" என்றார். சில மாதத்தில் அதை உடைத்து விற்றுவிட்டார்கள் என்று கேள்வி. கம்பெனி பதிலுக்கு வேறு கப்பல் விடவில்லை.

ஊருக்குத் திரும்பியதும் ஹஜ்ரத் திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தார். இத்தா, மௌத்தான நாளிலிருந்துதான் எண்ண வேண்டும், அதற்கு முன்னால் இருந்தது கணக்கில் வராது என்றார்.

உம்மா கோப்பையைத் தரையில் கவிழ்த்தார். ஒவ்வொன்றாக எண்ணி நாற்பத்தொரு கொட்டைகளை ஒரு பக்கம் ஒதுக்கினார். மீதியைக் கோப்பையில் திரும்பப் போட்டார். அந்தச் சத்தம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பிறகு ஒதுக்கியதைத் திரைச்சீலைக்கு அடியில் ஹஜ்ரத்தின் பக்கமாகத் தள்ளினார்.

"அவுக உசுரோட கெடந்து வாசலப் பாத்த நாளு இது. இந்த நாப்பத்தொண்ணும் நான் யாருக்கு ஹஜ்ரத் இருந்தேன்?"

ஹஜ்ரத் அந்தக் கொட்டைகளைத் தன் துண்டில் அள்ளி முடிந்துகொண்டு போனார். வெளியே எறிய மனமில்லை போலிருக்கிறது. உம்மா மறுபடி உட்கார்ந்தார், மீதி நாளுக்கு. ஒரு புருஷனுக்கு இரண்டு முறை உட்கார்ந்தவர் நம் ஊரில் அவர் ஒருவர்தான். அது முடிந்த பிறகும் அவர் அதிகம் வெளியே போகவில்லை. மாமா அந்த வீட்டு வாசலில் வந்து நிற்பார், உள்ளே வரமாட்டார். உம்மா வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

அடுத்த ஆண்டு ஏழாம் வகுப்பு. நீங்கள் எல்லோரும் இருந்தீர்கள். தமிழ் ஐயா ரகரத்துக்கும் றகரத்துக்கும் வேறுபாடு காட்டும் சொற்களைக் கரும்பலகையில் எழுதிப் பொருள் சொல்லிக்கொண்டு வந்தார். அரம், அறம். இரை, இறை. புத்தகத்தில் அதற்கு அடுத்த வரி இரங்கு, இறங்கு. ஐயா புத்தகத்தைப் பார்த்தார். சுண்ணாம்புக் கட்டி பலகையைத் தொட்டது. பிறகு எடுத்து, அதற்கும் அடுத்த வரியை எழுதினார். கரி, கறி.

நான் எழுந்து நின்றேன்.

"ஐயா, ஒரு வரி விட்டுப்போச்சு."

அவர் திரும்பவில்லை. சட்டை முதுகில் வியர்வை பரவியிருந்தது.

"உக்காரும்மா" என்றார்.

உட்கார்ந்தேன்.